வெறுந்தட்டை வாங்காத பரமேஸ்வரி அக்கா

1

ஊரில் இருப்பவர்களே, முதலில் ஒரு நல்ல செய்தி. நவீன அடிமைத்தனத்தை அடையாளம் காண்பதில் நான் நூற்றுக்கு நூறு. சான்றிதழ் இருக்கிறது. பச்சைக் கரை போட்டு, என் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு, அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். உடனே அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். அடுத்த நிமிடமே அவரிடமிருந்து போன் வந்தது.

"என்னாத்துக்கு புள்ள இது?"

"எங்கயாவது அடிமைங்க இருந்தா கண்டுபுடிக்கிறதுக்கும்மா."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.

"அதுக்கா அவ்வளவு தூரம் போன? இங்கயே இருந்திருக்கலாமே!"

என் அம்மா திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இன்னும் கொழுந்து பறிக்கிறார். நான் இங்கிலாந்தில், தேயிலையும் பிஸ்கட்டும் விற்கும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன். அவர் பறிப்பது போன்ற இலைகளைப் பற்றிக் கணினியில் எழுதுவது என் வேலை. இந்த நாட்டுச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குச் சரக்குத் தருகிறவர்களின் தொழிலிலும் யாரும் அடிமை போல நடத்தப்படாமல் இருக்க என்ன செய்தோம் என்று வருடாவருடம் அறிக்கை போட வேண்டும். அந்த அறிக்கையைத் தயாரிக்கும் பிரிவில் மூன்று பேரும் ஒரு வாடிய செடியும் இருக்கிறோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பது இன்னும் முடிவாகவில்லை. உலகத்தின் தோட்டங்களுக்கெல்லாம் பொறுப்பை நாங்கள்தான் பிரித்துக் கொடுக்கிறோம்.

2

எங்கள் தோட்டத்துக்கும் போன வருடம் இப்படி ஒரு சோதனைக் குழு வந்தது. எங்கள் நிறுவனம் அனுப்பியதல்ல, வேறு யாரோ. முன்னறிவிப்பில்லாத திடீர்ச் சோதனை என்று சொல்லப்பட்டது.

எவ்வளவு திடீர் என்றால், முந்தின வாரமே லயத்து வரிசை வீடுகளின் சாக்கடைக் கானுக்கெல்லாம் வெள்ளை அடித்தாயிற்று. கதவில்லாத கழிப்பறைகளுக்குக் கதவு முளைத்தது. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் புதிய விளையாட்டுச் சாமான்கள் இறங்கின. காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரத்தில், "இன்னைக்கு யாரோ வாறாங்களாம், எனக்கே தெரியாது" என்று தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா சொன்னாராம். சொல்லும்போது அவர் கையில் பூமாலை இருந்ததாம்.

வெள்ளைக்கார அம்மா ஒருவர், மொழிபெயர்க்க ஒரு தம்பி. பக்கத்திலேயே கண்டாக்கையா. என் அம்மாவிடம் கேட்டார்கள்: "உங்கள் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் இந்த வேலையை விட்டுப் போக முடியுமா?"

"தாராளமா போலாங்க" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு சரி அடையாளம் போட்டுக்கொண்டார்.

இதை என்னிடம் சொல்லிவிட்டு அம்மா கேட்டார்: "வேலைய விட்டா தோட்டம் குடுத்த காம்பராவயும் விடணும். அப்பறம் எங்க போவீங்கன்னு அந்தம்மா கேக்கவே இல்லியே? நீங்கதானே கேள்வியெல்லாம் எழுதுறீங்க? நீ எழுதுனதா அது?"

"இல்லம்மா. எங்களது வேற கேள்வி."

"அதுலயாவது இருக்கா?"

தேடிப் பார்த்தேன். இல்லை.

3

நான் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், மற்றதில் ராகலையைச் சேர்ந்த பரமேஸ்வரி அக்கா. அக்கா, கிரஹாம் என்பவர் நடத்தும் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். அவருடைய ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் அங்குள்ள பாட்டிமார் எல்லோரையும் "தாயி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது அவர்களும் திருப்பி "தாயி" என்கிறார்கள். டோரத்தி என்ற பழைய பள்ளிக்கூட டீச்சர், காலையில் அக்கா தலை வாரிவிடாமல் கீழே இறங்குவதில்லையாம்.

அக்காவின் மகள் சுகந்திக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை நுவரெலியா. அக்கா பேசுவதெல்லாம் அதுதான். சேலையின் நிறத்தைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்பார். சொன்னால், "நீ சும்மா இரு, ஒனக்கு என்னா தெரியும்" என்பார்.

அன்று மாலை அவர் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். மறுநாள் அலுவலகத்தில் நான் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒத்திகைக்கு ஆள் தேவை. "அக்கா, நான் வாசிக்கிறேன், கேளுங்க. அடிமைத்தனத்தின் அறிகுறிகள்" என்று தமிழில் தொடங்கினேன்.

"வாசி, வாசி."

"தங்கும் இடம் வேலையோடு கட்டப்பட்டிருக்கும்."

"லயம்" என்றார் அக்கா, மாவைத் திருப்பிப் போட்டபடி.

"கூட்டமாக ஒரே வாகனத்தில் ஏற்றிச் செல்லப்படுவார்கள்."

"நுவரெலியா பஸ்ஸு."

"அக்கா, வெளையாடாதீங்க. பக்கத்தில் யாராவது நின்றால் வாய் திறக்கத் தயங்குவார்கள்."

"கண்டாக்கு நின்னா யாரு புள்ள பேசுவா?"

"அடையாளப் பத்திரங்களை முதலாளி தன்னிடமே வைத்துக்கொள்வார்."

"ஆமா, நம்ம கிரஹாம் சாரு மாதிரி."

"அடுத்தது, விடுமுறை கேட்டால்..." என்று தொடர்ந்தேன். நூற்றுக்கு நூறு வாங்கியவள் அல்லவா, ஒத்திகையை ஏன் நிறுத்த வேண்டும்? பாதி வரியில்தான் உறைத்தது.

"அக்கா, என்னா சொன்னீங்க?"

"என் பாஸ்போட்டு அவருகிட்டதானே இருக்கு? பீரோவுல பூட்டி பத்திரமா வச்சிருக்காரு. தங்கமான மனுசன்."

"அவரு கேட்டு வாங்குனாரா?"

"அவரு எங்க கேட்டாரு? போட்டோக் காப்பிக்குத்தான் கேட்டாரு. நான்தான் ரெண்டு கையாலயும் குடுத்து, 'நீங்களே வச்சிக்குங்க சார்'னு சொன்னேன்."

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். நாம் செய்வோம். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாடற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டு, பிரஜாவுரிமைத் தாள் ஒன்றுக்காக வரிசை வரிசையாக நின்ற சனத்தின் பிள்ளைகள் நாம். ஒரு தாள் போனால் ஆளே இல்லையென்று ஆகிவிடும். தகரக் கூரையிலிருந்து மழை சொட்டும் காம்பராவில் அந்தத் தாளை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் பிஸ்கட் டின்னில் பொலித்தீன் சுற்றி வைத்தோம். மண்சரிவு என்று சத்தம் கேட்டால் அப்பா முதலில் தூக்குவது டின்னை, பிறகுதான் என்னை. டின்மேலும் நம்பிக்கையில்லாதவர்கள், கொங்கிரீட் கூரைக்காரர்களிடம் கொடுத்து வைப்பார்கள். அக்கா வீட்டு அடையாள அட்டைகளெல்லாம் ராகலையில் ஒரு கடை முதலாளியின் இரும்புப் பெட்டியில் வளர்ந்தவை. இங்கே வந்ததும் அக்கா கண்ணில் பட்ட முதல் இரும்புப் பீரோ கிரஹாமுடையது.

"சரி, இப்ப குடுங்கன்னு கேட்டீங்களா? தைக்கு டிக்கட் எடுக்கணுமே."

அக்காவின் கை மாவில் நின்றது. "கேட்டேன். குளிர் காலம் முடியட்டும், ஆளு பத்தாதுங்கிறாரு. பங்குனியில போவச் சொல்றாரு."

"பங்குனியிலயா? கல்யாணம் தையில!"

"அதத்தான் நானும் சொன்னேன். பாஸ்போட்டு பத்திரமா இருக்கு, கவலப்படாதீங்கன்னாரு."

4

எனக்கு வந்த வேகத்தைக் கேட்காதீர்கள். கணினியைத் திறந்தேன், உதவித் தொலைபேசி இலக்கத்தை எடுத்தேன், சட்டப் பிரிவுகளை எடுத்தேன். அதற்குள் அக்கா கல்லில் போட்ட ரொட்டி கருகியது கூடத் தெரியவில்லை.

"அக்கா, மத்தவங்க பாஸ்போட்ட இப்படிப் புடிச்சி வைக்கிறது தப்பு. இப்பவே போன் பண்ணுறேன்."

"பண்ணி?"

"பண்ணினா ஆள் வருவாங்க, விசாரிப்பாங்க."

"அவரு என்னய வேலைய விட்டு நிப்பாட்டுனா?"

"நிப்பாட்டட்டும்."

"நிப்பாட்டுனா விசா? அவரு பேருலதானே புள்ள எனக்கு விசா?"

நான் கணினியை மூடினேன். வேலை போனால் காம்பரா போகும் என்று அம்மா சொன்னதுதான். இங்கே காம்பராவுக்குப் பதில் விசா. ஐயாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்தும், அக்கா அதே லயத்துக்கு இன்னொரு வாசல் வழியாக நுழைந்திருக்கிறார்.

கிரஹாமைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பயிற்சிப் படங்களில் இருட்டும் சங்கிலியும்தான் இருக்கும். கிரஹாமின் அறையில் பூச்சாடியும் பேரப்பிள்ளைகளின் படமும் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் கையுறை வாங்கிக் கொடுப்பார். ஆள் பற்றாக்குறைக்குப் பீரோச் சாவி நல்ல மருந்து என்று எப்போதோ கண்டுகொண்டார், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களைப் படத்தில் காட்டுவது கடினம்.

ஓர் இலவசச் சட்ட ஆலோசகரிடம் அக்காவின் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு, வேறு இல்லத்துக்கு மாறவும் வழி உண்டு, ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும் என்றார். தை காத்திருக்காது.

அக்கா வேறொரு கவலையில் இருந்தார். "பத்திரிக வைக்கணும் புள்ள. மொதலாளிக்கு மொதல்ல வைக்காம எப்புடி? நீயும் வா, எனக்கு இங்கிலீசுல அழைக்க வராது."

"அவருக்கா? உங்களப் போக விடாத மனுசனுக்கா கல்யாணப் பத்திரிக?"

"அதுக்காக? மொற மொறதானே."

5

ஞாயிற்றுக்கிழமை மாலை போனோம். முதியோர்களைப் பார்க்கப் பிள்ளைகளும் பேரர்களும் வரும் நேரம். கூடம் நிறைய ஆள். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், நடுவில் பத்திரிகை. பத்திரிகையை என் அலுவலகப் பிரிண்டரில்தான் அடித்தேன். பிள்ளையாரின் தும்பிக்கையில் பச்சை கொஞ்சம் தூக்கல்.

அக்கா பட்டுச்சேலைக்கு மேல் குளிர்கோட்டுப் போட்டிருந்தார். அவரைக் கண்டதும் டோரத்தி, "தாயி! பார்க்க மகாராணி போல இருக்கிறாய்!" என்று கத்தினார். கிரஹாம் சிவப்புக் கம்பளிச் சட்டையில் சிரித்துக்கொண்டே வந்தார். அக்கா தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "மகளின் திருமணத்துக்குக் குடும்பத்தோடு வந்து வாழ்த்த வேண்டும் என்று அழைக்கிறார்."

கூடமே கை தட்டியது. கிரஹாம் நெகிழ்ந்துபோனார். மரியாதைக்கு எதையாவது சாப்பிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு வெற்றிலையை எடுத்து சலாட் போலக் கடித்தார். முகம் போன போக்கைப் பார்த்து அக்கா, "ஐயோ, சுண்ணாம்பு இல்லாம தின்னுட்டாரே" என்று பதறினார்.

பிறகு கிரஹாம் பத்திரிகையையும் பழத்தையும் மற்றதையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, தட்டைத் திருப்பி நீட்டினார். வெறுமையாக.

அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வெறுந்தட்ட வாங்க மாட்டேன் சார். நல்ல காரியம்."

நான் மொழிபெயர்த்தேன். எங்கள் ஊரில் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது, மணப்பெண்ணுக்கு ஆகாது, ஏதாவது வைத்துத்தான் தர வேண்டும். இதுவரை நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

"ஓ, அருமையான வழக்கம்!" என்றார் கிரஹாம். அலமாரியைத் திறந்து ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்துத் தட்டில் வைத்தார்.

அக்காவின் முகம் பூத்துவிட்டது. முறை நடந்துவிட்டது, வேறென்ன வேண்டும்? முதுகுக்குப் பின்னாலிருந்து கைகள் வெளியே வந்தன. இந்த அக்கா சாக்லேட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பாஸ்போர்ட் பீரோவிலேயே பங்குனி வரை தூங்கும். சுகந்தி தாயில்லாமல் மணவறை ஏறுவாள். நான் சட்டென்று குறுக்கே கையை நீட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிக்க வேண்டும்" என்றேன் ஆங்கிலத்தில், கூடத்துக்கே கேட்கும்படி. "வழக்கத்தை நான் முழுதாகச் சொல்லவில்லை. மணப்பெண்ணின் தாய்க்குச் சொந்தமான பொருள் ஏதாவது அழைக்கப்பட்டவரிடம் இருந்தால், அதை இந்தத் தட்டில் வைத்துத்தான் திருப்ப வேண்டும். இல்லையென்றால் கல்யாணம் நிற்கும்."

இப்படி ஒரு வழக்கம் ராகலையிலும் இல்லை, திம்புள்ளயிலும் இல்லை. அந்த நிமிடம் பிறந்தது.

"என்னா புள்ள சொல்ற அவருகிட்ட?" என்றார் அக்கா.

"சாக்லேட் நல்லா இருக்குன்னு சொல்றேன். சும்மா இருங்கக்கா."

"அதுக்கு ஏன் அவரு மூஞ்சி இப்படிப் போவுது?"

உண்மையில் போயிற்று. கிரஹாம் மெதுவாக, "அவருடைய பொருள் எதுவும்..." என்று தொடங்கினார்.

டோரத்தி விட்டால்தானே? வகுப்பறையில் பென்சில் காணாமல் போனதை விசாரிக்கும் குரலில் கேட்டார்: "தாயியின் எந்தப் பொருள் உன்னிடம் இருக்கிறது, கிரஹாம்?"

நான்தான் சொன்னேன்: "பாஸ்போர்ட்."

தன் அம்மாவைப் பார்க்க வந்திருந்த ஒரு மனிதர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பாஸ்போர்ட்டா? அது ஏன் உங்களிடம் இருக்கிறது?" பக்கத்திலிருந்த அவர் மனைவியும் திரும்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு குடும்பங்கள் திரும்பின.

"பத்திரத்துக்காக. அவரேதான் கொடுத்தார்" என்றார் கிரஹாம். அது உண்மைதான்.

"நல்லது. பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி. இப்போது தட்டில் வை" என்றார் டோரத்தி.

கிரஹாம் உள்ளே போனார். சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது. கையில் தட்டோடு நான் நின்றேன். அவர் திரும்பி வந்து, பெட்டியின்மேல் பாஸ்போர்ட்டை வைத்தார். அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டை வாங்கினார்.

"கல்யாணம் எப்போது, தாயி?" என்றார் டோரத்தி.

"தை" என்றார் அக்கா. நான் ஜனவரிக் கடைசி என்றேன். கூடம் கிரஹாமைப் பார்த்தது. கிரஹாம் பூச்சாடியைப் பார்த்தார். "போய் வாருங்கள். சமாளிப்போம்" என்றார்.

மறுநாள் நடந்ததை அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதே பீரோவில் பாஸ்போர்ட் இருந்த கேரளத்துப் பெண்ணும் ஆப்பிரிக்கப் பெண்ணும் சமையலறையிலிருந்து ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு கிரஹாமின் அறை வாசலில் போய் நின்றார்களாம். அவர்கள் வீட்டில் கல்யாணமே இல்லை.

6

இது இத்தோடு சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் விசா இன்னும் கிரஹாமின் பெயரில்தான். அக்கா அனுமதி தந்த பிறகு, ஆலோசகரிடம் பெயரைச் சொல்லியே பேசினேன். வேறு இல்லம் தேடும் வேலை தொடங்கிவிட்டது. அதில் சிரிக்க அதிகமில்லை.

அலுவலகத்தில், கேள்விப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "வேலையை விட்டால் எங்கே தங்குவீர்கள்?" எங்கள் தலைவி நல்ல கேள்வி என்றார். படிவத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதாகவும் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரிடம் கேட்டு வாங்கிய கேள்வி என்றார்கள். துறை சார்ந்த நிபுணர் என்றேன். அம்மாவிடம் சொன்னபோது, "நிபுணருக்கு ஒரு கம்பளிச் சட்ட வாங்கி அனுப்பு" என்றார்.

அந்த ஞாயிறு வீடு திரும்பியதும் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கூடத்தில் நான் சொன்ன வழக்கத்தை வரும் வழியிலேயே அக்காவுக்குத் தமிழில் சொல்லியிருந்தேன். அக்கா கோட்டைக் கழற்றினார், சாமி படத்துக்கு முன்னால் தட்டை வைத்துக் கும்பிட்டார். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இந்தா. நீ படிச்ச புள்ள. நீயே பத்திரமா வச்சிக்க."

"அக்கா!"

"ஏன், ஒன்கிட்ட பூட்டு இருக்குல்ல?"

"நான் தொடமாட்டேன். தூக்கிட்டுப் போங்க. இதுக்காகவா இவ்வளவு பொய் சொன்னேன்?"

"பொய்யா? அப்ப அந்த வழக்கம்?"

"ஒங்க ஊர் வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதா?"

"திம்புள்ளப் பக்கம் அப்படி இருக்கும்போலன்னு நெனச்சேன்டி!" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அறைக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். தலையணைக்கடியில் வைத்தார், எடுத்தார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார், எடுத்தார். சொந்தத் தாளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அன்றுதான் ஆரம்பம். கடைசியில் பொலித்தீன் கூடச் சுற்றாமல் அரிசி வாளிக்குள் அமுக்கினார். தினமும் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது கை படும், இருப்பது தெரியும் என்றார். ஊருக்குப் போகும்வரை நாங்கள் தினமும் சோறுதான் சாப்பிட்டோம்.

நேற்றுத்தான் விமான நிலையத்தில் விட்டு வந்தேன். பெட்டி முழுக்கச் சுகந்திக்குச் சேலை, டோரத்தி கொடுத்த மேசைவிரிப்பு, கிரஹாமின் சாக்லேட். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கி, விரித்து, பக்கம் புரட்டினாள். உள்ளேயிருந்து அரிசி மணிகள் அவள் விசைப்பலகையில் உதிர்ந்தன.

அவள் நிமிர்ந்து, "இது என்ன?" என்று கேட்டாள். மொழிபெயர்க்க நான் வாய் திறப்பதற்குள், அக்கா தன் ஆங்கிலத்திலேயே அவளுக்கு நேராகப் பதில் சொன்னார்.

"கல்யாணம்."